ஆமையைக் காப்பாற்றப் போய் 18,500 ரூபாய் போச்சு: இலங்கை போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

திங்கட்கிழமைதான் கொழும்பிலிருந்து திரும்பினோம், இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. 18,500 ரூபாய். ஹோட்டலுக்கோ டிக்கெட்டுக்கோ இல்லை, "கடலாமைப் பாதுகாப்பு" என்ற பெயரில், மூன்று பேருக்கு ஒரே ஒரு நாளுக்கு.

பெந்தோட்டைக்கும் ஹிக்கடுவைக்கும் நடுவில் ஆமை முட்டைகளை மணலில் புதைத்துப் பொரிக்க வைக்கும் இடங்கள் நிறைய இருக்கின்றன. எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. நான் மாட்டியது பயண அனுபவங்களை விற்கும் ஒரு தளத்தில். மகள் பெயரில் ஒரு கூடு, இருட்டியபின் குஞ்சுகளைக் கடலில் விடுவது, சான்றிதழ், இதுதான் பேக்கேஜ்.

பணம் கட்டுமுன் தளத்தின் உள்ளூர் ஏஜென்டிடம் வாட்ஸப்பில் ஒரு கேள்வி கேட்டேன். சென்னையில் 1988லிருந்து மாணவர்கள் நடத்தும் ஆமை நடையில் இரண்டு வருஷம் நடந்திருக்கிறேன், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, பங்குனி ஆமை முட்டை தேடி. வெளிச்சம் ஆமைகளைக் குழப்பும் என்று, அங்கே டார்ச்சை இஷ்டத்துக்கு அடித்தாலே திட்டுவார்கள். அதனால், "வெள்ளை லைட் அடிப்பீர்களா?" என்று கேட்டேன். உடனே வாய்ஸ் நோட், நல்ல தமிழில்: "ஐயோ இல்லை அக்கா, சிவப்பு லைட் மட்டும்தான். ஒண்டுக்கும் யோசிக்காதீங்க, இந்தக் காசு எங்களுக்கில்ல, ஆமைக்கு." அந்த சிவப்பு லைட்டில்தான் விழுந்தேன். விவரம் தெரிந்தவர்கள் என்று நினைத்து அந்த நிமிஷமே 18,500ஐக் கட்டினேன்.

போனால் மதியம் மூன்றரை மணி, "ராத்திரி ஆள் இல்லை, இப்பவே விட்டிடுவோம்" என்கிறார்கள். சிமெண்ட் தொட்டியில் மூன்று நாள் ஆன குஞ்சுகள், சுவரில் முட்டி முட்டி நீந்திக்கொண்டிருந்தன. பொரித்து வெளியே வந்த குஞ்சு, வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவின் தெம்பில்தான் முதல் ஒரு நாள் விடாமல் நீந்தி ஆழக் கடலுக்குப் போகும். அந்தத் தெம்பை இவர்கள் தொட்டியிலேயே தீர்த்துவிடுகிறார்கள், டூரிஸ்ட் வரும் நேரத்துக்குக் குஞ்சு கையிருப்பில் இருக்க வேண்டுமே! ஆளாளுக்குக் கையில் எடுத்து செல்ஃபி. அப்புறம் சுடுமணலில் விட்டார்கள், இரண்டைக் காக்கை தூக்கிக்கொண்டு போனது. மகள் அழுதுவிட்டாள்.

சான்றிதழில் கூடு எண் 14. பக்கத்தில் நின்ற ஒரு ஜோடியின் சான்றிதழிலும் கூடு எண் 14!

அந்த ஆமைப் பண்ணைக்காரர் கையை விரித்தார், அவருக்கு ஏஜென்ட் கொடுத்தது வெறும் நுழைவுக் கட்டணமாம். ஏஜென்டைக் கேட்டால் "தளத்தோட பேசுங்க அக்கா". தளத்தில் கேட்டால் "சேவை வழங்கப்பட்டுவிட்டது, உள்ளூர் பங்குதாரரை அணுகவும்". மூன்றாவது மெயிலுக்கு, அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன்! வாய்ஸ் நோட் அனுப்பியவர் இப்போது என்னை பிளாக் செய்துவிட்டார். 18,500 ரூபாயில் ஆமைக்கு என்ன போனது என்று ஒருவராவது சொன்னாரா என்றால், இல்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. பகலில் குஞ்சு விடுகிறோம் என்றால் போகாதீர்கள். குஞ்சுகளைத் தொட்டியில் வைத்திருந்தால் போகாதீர்கள். கையில் எடுத்துப் படம் பிடிக்கலாம் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தால் கண்டிப்பாகப் போகாதீர்கள். ஆமை பார்த்தே ஆக வேண்டுமென்றால் தங்காலை பக்கம் ரெக்காவ கடற்கரை இருக்கிறது, 2006இல் சரணாலயமாக அறிவித்தது. அங்கே முட்டையை இட்ட இடத்திலேயே விட்டுக் காவல் காக்கிறார்கள், ராத்திரி தள்ளி நின்று பார்க்கலாம், ஆமை வராவிட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். முன்பணம் முழுதாகக் கட்டாதீர்கள். வாய்ஸ் நோட்டை அழிக்காதீர்கள், நான் அழிக்கவில்லை, அதை வைத்துத்தான் கார்டு கம்பெனியில் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். நாற்பது நிமிஷமாக லைனில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.