ரியோ டி ஜெனிரோ புத்தாண்டு பேக்கேஜ்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

தீபாவளி முடிந்ததும் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்ற ஆரம்பிக்கும். பிரேசிலின் ரியோவில் புத்தாண்டு, காபகபானா கடற்கரையில் ஹோட்டல், கிறிஸ்து சிலை, சுகர்லோஃப் கேபிள் கார், மரக்கானா மைதானத்தில் லீக் ஆட்டம், வாணவேடிக்கைக்கு முன்வரிசை அனுமதி, எல்லாம் ஒரே விலையில். இதை நம்பி அப்பா, நான், மனைவி, மகள் என நான்கு பேருக்கும் சேர்த்து 14 லட்சம் கட்டினோம். சொன்னபடி கிடைத்தது விசாவும் விமான டிக்கெட்டும் மட்டும்தான். டிராவல்ஸ்காரர் பெயரை இங்கே போடவில்லை, நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கிறது. ஆனால் அதே வாசகங்களோடு, அதே படங்களோடு, வேறு வேறு பெயர்களில் விளம்பரம் மறுபடியும் வந்துகொண்டிருக்கிறது. பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

இந்தப் பயணமே அப்பாவுக்காகத்தான். வியாசர்பாடியில் கால்பந்து பார்த்தும் ஆடியும் வளர்ந்தவர். உலகக் கோப்பை வந்தால் எங்கள் பகுதியில் தெருவுக்குத் தெரு பிரேசில் கொடி பறக்கும். 1950 இறுதியாட்டத்தில் உருகுவே 2-1 என்று பிரேசிலைத் தோற்கடித்த கதையை, தானே மரக்கானாவில் உட்கார்ந்து பார்த்தது மாதிரி சொல்வார். ரிடையர் ஆன பணத்தில் அவர் ஆசைப்பட்டது அந்த மைதானத்தை நேரில் பார்ப்பது ஒன்றைத்தான்.

அவர் வரவே முடியாமல் போனது. காரணம் மஞ்சள் காய்ச்சல் ஊசி. கொசுவால் பரவும் நோய் அது, மஞ்சள் காமாலை இல்லை.

நாங்களாகவே ஏஜென்டிடம் கேட்டோம். "இந்தியாவிலிருந்து போறவங்ககிட்ட பிரேசில்ல அந்த சர்ட்டிபிகேட் கேக்க மாட்டாங்க சார், தேவையே இல்ல" என்றார். முதல் பாதி உண்மை. கேட்பது பிரேசில் இல்லை, திரும்பி வரும்போது நம் நாடு. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் பிரேசில் இருக்கிறது. அங்கிருந்து வருகிறவரிடம் செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லையென்றால், இந்திய விமான நிலையத்திலேயே நிறுத்தி 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகுதான் அந்தச் சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கப் போதும். தென் அமெரிக்காவுக்கு ஆள் அனுப்புவதே தொழில் என்று போர்டு வைத்திருக்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை. சொன்னால் வயதானவர்கள் பின்வாங்குவார்கள், பேக்கேஜ் கைவிட்டுப் போகும். அதற்காக மறைத்தார் என்றுதான் நான் உறுதியாக நம்புகிறேன்.

மனைவியின் அக்கா நர்ஸ். பேச்சுவாக்கில் விஷயம் தெரிந்து அவர்தான் எங்களை அந்த ஊசி போடும் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு விரட்டினார். அங்கே அப்பாவிடம் வயதைக் கேட்டார்கள், முட்டை ஒவ்வாமை உண்டா என்று கேட்டார்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்கள். மூட்டு வாதத்துக்கு ஸ்டீராய்டு எடுக்கிறார் அவர். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி, நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்குப் போட முடியாது, 60 வயதைத் தாண்டியவருக்கு அபாயம் இன்னும் கூடுதல் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அப்பா ஃபார்மை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரி, நீங்க போயிட்டு வாங்கப்பா" என்றார். பணம் கட்டும் முன்பே இது தெரிந்திருந்தால் ஊசி தேவைப்படாத வேறு ஊருக்கு அவரைக் கூட்டிப் போயிருப்போம்.

அப்பாவின் பங்கைத் திருப்பிக் கேட்டதற்கு, டிக்கெட் ரத்து செய்தால் ஒரு பைசா வராது என்று சாதித்தார் ஏஜென்ட். பிஎன்ஆர் எண்ணைச் சொல்லி நேராக விமான நிறுவனத்தில் விசாரித்தேன். அபராதம் போக மீதித் தொகை, டிக்கெட் எடுத்த ஏஜென்டின் கணக்குக்கே போய்விட்டதாக எழுத்திலேயே பதில் வந்தது. அந்த மின்னஞ்சல்தான் இப்போது வழக்கில் எங்களுக்குப் பெரிய பலம்.

அடுத்தது ஹோட்டல். கலியாவோ விமான நிலையத்தில் எங்கள் பெயர் எழுதிய அட்டையோடு கார் வந்திருந்தது. அதுவரை சரி. வண்டி ஓடுகிறது, ஓடுகிறது, சுரங்கப்பாதைகள் வருகின்றன, காபகபானா வரவில்லை. டிரைவர் காட்டிய தாளில் ஹோட்டல் இருந்த இடம் பர்ரா டா திஜூகா. அதுவும் ரியோதான், அங்கேயும் நீளமான கடற்கரை இருக்கிறது. ஆனால் காபகபானாவிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே. சுகர்லோஃப், கிறிஸ்து சிலைக்குப் போகும் ரயில், லாப்பா வளைவுகள், சாந்தா தெரேசா டிராம் எல்லாம் நகரத்தின் மறுபக்கம். 2016 ஒலிம்பிக்ஸுக்காகப் போட்ட மெட்ரோ பர்ராவின் கிழக்கு முனையில் ஜார்டிம் ஓசியானிகோ நிலையத்தோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து எங்கள் ஹோட்டலுக்கு பஸ் பிடிக்கவேண்டும். தினமும் போக வரவே நேரம் கரைந்தது.

போனில் கேட்டால், "ரியோ பூராவும் பீச்சுதான் சார், எல்லாம் ஒண்ணுதான்" என்கிறார். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், கண்ணுக்கே தெரியாத எழுத்தில், குறிப்பிட்ட ஹோட்டல் அல்லது அதற்கு இணையானது என்று ஒரு வரி. புத்தாண்டு வாரத்தில் காபகபானா ஹோட்டல்கள் பல மடங்கு விலை ஏற்றி, இத்தனை இரவு தங்கியே ஆகவேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அறை கொடுப்பார்கள். அந்த விலையை எங்களிடம் வாங்கிக்கொண்டு, குறைந்த விலையில் தூரத்தில் அறை போட்டிருக்கிறார். எங்களுக்குத் தந்த வவுச்சர் அவருடைய லெட்டர்ஹெட்டில் அடித்த தாள். காபகபானா ஹோட்டலின் பெயர் அதில் கொட்டை எழுத்தில் இருந்தது, அந்த ஹோட்டல் கொடுத்த உறுதி எண் இல்லை. பின்னால் அந்த ஹோட்டலுக்கே எழுதிக் கேட்டேன். எங்கள் பெயரில் எந்த நாளிலும் பதிவே நடக்கவில்லை என்று பதில் வந்தது. யாராவது உங்களிடம் வவுச்சர் நீட்டினால் அந்த எண்ணைக் கேளுங்கள். எண்ணோடு ஹோட்டலுக்கு ஒரு மெயில் போட்டு, பதில் வந்த பிறகு மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.

வாணவேடிக்கைக்கு வருகிறேன். எனக்கு அதிகம் கோபம் வந்தது இதில்தான். எல்லாம் ஒரே விலை என்று சொல்லிவிட்டு, இதற்குத் தலைக்கு 9,000 ரூபாய் தனியாக வாங்கி, ஆளுக்கொரு பிளாஸ்டிக் கைப்பட்டை கொடுத்தார்கள். காபகபானாவின் புத்தாண்டுக் கொண்டாட்டம் பொது நிகழ்ச்சி, கட்டணமே கிடையாது. ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளக் கடற்கரையில், கடலில் நிறுத்திய மிதவைகளிலிருந்து வாணம் விடுவார்கள். ஊரே வெள்ளை உடை உடுத்தி வந்து மணலில் நிற்கும். கடல் அன்னை இமான்ஷாவுக்குப் பூ விடுகிறவர்கள் அலையோரம் வரிசையாக நிற்பார்கள். எந்தப் பட்டையும் யாரும் பார்ப்பதில்லை. காவலுக்கு நின்றவரிடம் மகள் கையை நீட்டிப் பட்டையைக் காட்டினாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மணலைக் காட்டிப் போகச் சொன்னார். அவ்வளவுதான் முன்வரிசை.

தெரிந்துகொள்ளவேண்டிய உண்மையான விஷயம் ஒன்றை ஏஜென்ட் சொல்லவே இல்லை. அன்று மாலைக்கு மேல் மெட்ரோவில் போக நேரம் குறித்த தனி டிக்கெட் வேண்டும், முன்கூட்டியே வாங்கவேண்டும். காபகபானாவுக்குள் கார்களையும் விடமாட்டார்கள். எங்கள் ஹோட்டல் வரவேற்பில் இருந்த பையன் காலையிலேயே கூப்பிட்டு, மதியமே கிளம்பிவிடுங்கள் என்று சொன்னதால் பிழைத்தோம். இரவு திரும்ப வழியில்லாமல், விடியும்வரை மகளை மடியில் போட்டுக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் இருந்த குடும்பம் அவளுக்குப் போர்வை கொடுத்தது. ரியோ மக்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதையும் சொல்லவேண்டும்.

கிறிஸ்து சிலைக்கென்று அழைத்துப் போன வண்டி, தோனா மார்த்தா என்ற காட்சி முனையில் நின்றது. அங்கிருந்து சிலை எட்டத்தில் தெரியும், போட்டோ எடுக்கலாம். மேலே எப்போது போவோம் என்றால், உங்கள் திட்டத்தில் டிக்கெட் இல்லை என்றார் டிரைவர். 30 மீட்டர் சிலை, 8 மீட்டர் பீடம், 700 மீட்டருக்கு மேல் உயரமான கொர்கோவாடோ மலை. சிலையின் காலடிக்குத் தனியார் வண்டி எதுவும் போக முடியாது. கோஸ்மி வெல்யோ என்ற பகுதியிலிருந்து பல்சக்கர ரயில், இல்லையென்றால் அனுமதி பெற்ற வேன். இரண்டுக்கும் நேரம் குறித்த டிக்கெட்டை நாமே இணையத்தில் எடுக்கலாம். புத்தாண்டு சமயம் ரயில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், எங்களுக்குக் கிடைக்கவில்லை. லார்கோ டோ மஷாடோ சதுக்கத்திலிருந்து கிளம்பும் வேனில் சொந்தக் காசில் போனோம். டிசம்பரும் ஜனவரியும் அங்கே கோடை, மழையும் சேர்ந்து வரும். மேகம் இறங்கிவிட்டால் பீடத்தடியில் நின்றாலும் முகம் தெரியாது, அதனால் காலையில் மலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சுகர்லோஃப் டிக்கெட்டும் நாங்களே வாங்கியதுதான். 1912 முதல் ஓடும் கேபிள் கார், உர்கா குன்றில் இறங்கி அடுத்த வண்டி மாறவேண்டும். அதில் மட்டும் ஒரு சிக்கலும் இல்லை.

மரக்கானா ஆட்டம்? பிரேசில் தேசிய லீக் வழக்கமாக டிசம்பரிலேயே முடிந்துவிடும். ரியோ மாநில லீக் தொடங்குவது ஜனவரியில். புத்தாண்டு வாரத்தில் லீக் ஆட்டமே கிடையாது. இல்லாத ஆட்டத்துக்கு நான்கு டிக்கெட் விற்றிருக்கிறார்கள், அதில் ஒன்று அப்பாவுக்கு. மைதானத்தைச் சுற்றிப் பார்க்கும் டிக்கெட் எடுத்து உள்ளே போனோம். வீடியோ காலில் அப்பாவுக்குப் புல்தரையைக் காட்டினேன். கோல்போஸ்ட் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார்.

ஏஜென்டுக்குச் சம்பந்தமில்லாத இன்னொன்றும் அங்கே நடந்தது, போகிறவர்களுக்கு உதவும். இபனேமா கடற்கரையில் இளநீர் வாங்கினோம், விலை 12 ரியால் (பிரேசில் நாணயம்). கார்டு மெஷினின் திரை கீறல் விழுந்து, வெயிலில் ஒன்றும் படிக்க முடியவில்லை. விற்றவர் வாயால் பன்னிரண்டு என்றார், கார்டின் ரகசிய எண்ணை (PIN) போடச் சொன்னார். அடுத்த நொடி வங்கியிலிருந்து குறுஞ்செய்தி, 1,200 ரியால். நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஆள் கூட்டத்தில் மறைந்துவிட்டார். PIN எண் போட்டு நடந்த பரிவர்த்தனை என்பதால் வங்கி கைவிரித்துவிட்டது. இந்த மோசடி ரியோ கடற்கரைகளில் ரொம்பப் பழக்கமானது. திரையில் தொகையைத் தெளிவாகப் படிக்க முடியாத மெஷினில் கார்டைத் தொடாதீர்கள், சில்லறையாக ரியால் வைத்துக்கொள்ளுங்கள். நம் வங்கி ஆப்பில் வெளிநாட்டுச் செலவுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி இருக்கிறது, அதைச் சிறிய தொகையாக வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போங்கள்.

ஊர் திரும்பிய பிறகு வெளிப்பட்டது டிசிஎஸ் என்ற வரி விவகாரம். வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜ் விற்பவர் நம்மிடம் டிசிஎஸ் பிடித்து, நம் பான் எண்ணில் வருமான வரித் துறைக்குக் கட்டவேண்டும். கட்டியிருந்தால், நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும், கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். எங்கள் ரசீதில் டிசிஎஸ் என்று தனி வரியில் தொகை இருக்கிறது. 26ஏஎஸ்ஸில் ஒன்றுமே இல்லை. பேக்கேஜில் போய் வந்த ஒவ்வொருவரும் இன்றே திறந்து பாருங்கள். பயணம் நன்றாக அமைந்தவர்கள்கூட.

எங்களைப் போல மாட்டிக்கொண்டவர்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பதில் வரவில்லையென்றால், கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தில் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, இணையத்தில் தாக்கல் செய்ய வசதி உண்டு. 2 ஆண்டுகளுக்குள் போட்டாகவேண்டும். பதிவு இல்லாமல் போனில் பேசியதை அங்கே நிரூபிப்பது கஷ்டம். பேசி முடித்த கையோடு, "நீங்கள் இன்னின்ன சொன்னீர்கள்" என்று வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ அனுப்பிவிடுங்கள். ஊசி தேவையில்லை என்று அவர் சொன்னது எங்களிடம் குரல்பதிவாக இருக்கிறது, ஹோட்டலின் மெயிலும் விமான நிறுவனத்தின் மெயிலும் இருக்கின்றன. ஏஜென்ட் தரப்பு இதுவரை வாய்தா மேல் வாய்தா கேட்டுக்கொண்டிருக்கிறது.

இதே மாதிரி பேக்கேஜுக்கு முன்பணம் கட்டியிருப்பவர்கள், உங்களிடம் உள்ள விளம்பரத்தையும் ரசீதையும் எனக்கு அனுப்புங்கள். வாசகங்கள் ஒத்துப்போனால் ஆணையத்தில் அதையும் சேர்த்துக் கொடுக்க முடியும்.