பண்ருட்டிப் பக்கம் ஒரு வாக்குச்சாவடி: பூத் ஏஜென்டாக உட்கார்ந்தவன் எழுதும் ரிவ்யூ

முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன். வாக்குச்சாவடிக்கு 5க்கு 4. ஓட்டுப்பதிவைக் கவனிக்க என்னை அங்கே தன் ஏஜென்டாக உட்கார வைத்த கட்சிக்கு ஒன்றரை, அதுவும் டீ நேரத்துக்கு வந்ததால்.

2024 ஏப்ரல் 19, கடலூர் நாடாளுமன்றத் தொகுதி. முந்திரிக்காட்டைத் தாண்டி இருக்கிற எங்கள் ஊர் பள்ளிக்கூடம்தான் சாவடி. ஓட்டு 7 மணிக்குத்தான், ஆனால் மாதிரி வாக்குப்பதிவுக்காக ஏஜென்டுகள் 5.30க்கே ஆஜராக வேண்டும். குறைந்தது 50 ஓட்டு போட்டுக் காட்டி, எண்ணிக்கை சரியா என்று பார்த்து, மெஷினை கிளியர் செய்து, யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டு அடித்துக் காட்டும் விவிபேட்டில் விழுந்த சீட்டுகளைக் கறுப்பு உறையில் போட்டு சீல் வைத்து எங்களிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். மெஷினைப் பற்றி டீக்கடையில் நானும் வாய்கிழியப் பேசியவன்தான், பக்கத்தில் நின்று பார்த்த பிறகு சுருதி பாதி இறங்கிவிட்டது.

அப்புறம் நாள் முழுக்க ஒரே வேலை. அலுவலர் வரிசை எண்ணையும் பேரையும் சத்தமாகப் படிப்பார், நாம் நம்மிடம் இருக்கும் லிஸ்ட்டில் அடிக்க வேண்டும். செல்போன் கிடையாது. ஒரே ஒரு ஃபேன், அதுவும் மெஷின் பக்கம் திரும்பி நின்றது. சாய்தளம் இருந்தது, வீல்சேர் இருந்தது, தள்ளத்தான் ஆள் இல்லை, வரிசையில் நின்ற பையன்களே தள்ளினார்கள். பத்து மணி வாக்கில் ஒரு பையனைப் பார்த்து எதிர்க்கட்சி ஏஜென்ட் "இவன் அவன் இல்லை" என்று குதித்தார். ஆட்சேபணை என்றால் 2 ரூபாய் கட்டுங்கள் என்றார் தலைமை அலுவலர். மனுஷன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மார்க் ஏன் குறைந்தது என்றால், லிஸ்ட். கிழக்குத் தெரு ஆயா ஒன்று, மஞ்சள் பையில் அட்டையைச் சுற்றி எடுத்துக்கொண்டு, மை வைக்க இடது ஆள்காட்டி விரலை வாசலிலேயே நீட்டிக்கொண்டு வந்தது. பேர் இல்லை. "போன தடவ போட்டனே தம்பி, நான் உசுரோடதான இருக்கேன்" என்று நீட்டிய விரலை மடக்காமல் என்னைப் பார்த்துக் கேட்டது. அட்டை இருந்தால் மட்டும் போதாது, பட்டியலில் பேர் இருந்தால்தான் ஓட்டு. அலுவலரைக் குறை சொல்ல முடியாது, அவர் கையில் இருந்ததும் அதே லிஸ்ட்தான்.

இதில் கட்சிக்கு மார்க் போன கதையும் இருக்கிறது. வரைவுப் பட்டியல் பல மாதம் முன்பே எங்களுக்கு வந்தது. வீடு வீடாகப் போய், செத்தவர் யார், கட்டிக்கொடுத்துப் போன பெண் யார், பேர் விட்டுப்போனது யாருக்கு என்று பார்ப்பதுதான் பூத் கமிட்டியின் வேலையே. எங்கள் கிளையில் அந்தக் கட்டைப் பிரிக்கவே இல்லை, நானும் அந்தக் கமிட்டியில் ஒருத்தன்தான். ஆனால் 200 மீட்டருக்கு அப்பால் மேஜை போட்டு பூத் சிலிப் கொடுக்க மட்டும் எட்டு பேர். மதியச் சாப்பாடு 3 மணிக்கு வந்தது, ஆறிப்போன தக்காளி சாதம். பூத் செலவு என்று மேலே இருந்து கிளம்பிய பணம் எங்கள் கைக்கு வருவதற்குள் ரொம்பவே இளைத்துவிட்டது, அதை விடுங்கள்.

சாயங்காலம் 6 மணிக்கு வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் டோக்கன் கொடுத்து, அவர்கள் போட்டு முடித்ததும் குளோஸ் பட்டனை அழுத்தினார்கள். மொத்த ஓட்டு எழுதிய படிவம் 17சி நகலைக் கேட்காமலே என் கையில் கொடுத்தார்கள். ஏஜென்டாகப் போகிறவர்கள் அதை வாங்காமல் வெளியே வரவே கூடாது.

ரிசல்ட் எல்லாம் வந்த பிறகு, ஜூனில் பட்டியலில் பேர் சேர்க்கும் படிவம் 6ஐ எடுத்துக்கொண்டு ஆயா வீட்டுக்குப் போனேன். போட்டோ எடுக்க வேண்டும் என்றதும் உள்ளே போய் வேறு புடவை கட்டிக்கொண்டு வந்து, "இந்தத் தடவையாவது ஒழுங்கா எழுது தம்பி" என்று திண்ணையில் உட்கார்ந்தது.