பூட்-ரிப்பேரா, சூப்பர் கிரப் டிஸ்கா, கைவேலையா?

விண்டோஸும் உபுண்டுவும் இருக்கும் லேப்டாப்பில், விண்டோஸ் அப்டேட் முடிந்ததும், எந்த சிஸ்டத்தைத் திறப்பது என்று கேட்கும் கிரப் மெனுவைக் காணோம், நேராக விண்டோஸ் திறக்கிறது. பெரும்பாலும் கிரப் அழிந்திருக்காது. யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்தது) கணினியில் அதன் ஃபைல்கள், பூட் ஃபைல்களுக்கான இஎஃப்ஐ பார்ட்டிஷனில் அப்படியே கிடக்கும். பூட் வரிசையில் விண்டோஸ் முந்திக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பயாஸ் செட்டப்பில் உபுண்டுவை முதலிடத்துக்கு ஏற்றிப் பாருங்கள். இதைப் பார்க்காமல் ரிப்பேரில் இறங்கவே கூடாது.

அந்தப் பட்டியலில் உபுண்டு என்ற பெயரே இல்லை, அல்லது திரை 'கிரப் ரெஸ்க்யூ' என்று நின்றுவிட்டது என்றால்தான் பூட்-ரிப்பேர், கைவேலை, சூப்பர் கிரப் டிஸ்க் மூன்றுக்கும் வேலை.

பலரும் கைகாட்டுவது பூட்-ரிப்பேரை. லினக்ஸ் மின்ட் லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே நேராக ஓடும் பென்டிரைவில்) கூடவே வருகிறது. உபுண்டு லைவில் இணையம் வைத்து நிறுவ வேண்டும். ஒரு பட்டனை அழுத்தினால் போதும், புதியவருக்கு வசதிதான். ஆனால் என்னென்ன மாற்றியது என்று தெரிய அது தரும் நீளமான அறிக்கையைப் படிக்க வேண்டும். சரியாகவில்லை என்றால் அடுத்து எங்கே கை வைப்பது என்று புரியாது.

கைவேலை என்றால் சிரூட், அதாவது லைவ் யுஎஸ்பியிலிருந்தே டிஸ்கில் உள்ள உபுண்டுவுக்குள் நுழைந்து கட்டளை கொடுப்பது. லைவ் யுஎஸ்பியில் நுழைந்து ரூட் பார்ட்டிஷனையும், அதற்குள் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் மவுன்ட் செய்து (திறந்து இணைத்து), டெவ், ப்ராக், சிஸ் என்ற சிஸ்டம் ஃபோல்டர்கள் மூன்றையும் அதோடு பைண்ட் செய்து (சேர்த்து), உள்ளே போய் கிரப்-இன்ஸ்டால், பிறகு அப்டேட்-கிரப் கட்டளைகள். டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால் நான் நம்புவது இதைத்தான். ஆனால் லைவ் யுஎஸ்பியை யுஇஎஃப்ஐ முறையில் பூட் செய்திருக்க வேண்டும். 'சிஸ்' ஃபோல்டரில் உள்ள 'ஃபர்ம்வேர்' ஃபோல்டருக்குள் 'இஎஃப்ஐ' என்ற ஃபோல்டர் இல்லை என்றால் பழைய பயாஸ் முறையில் வந்திருக்கிறீர்கள். மறுபடி பூட் செய்யுங்கள். பூட்-ரிப்பேருக்கும் இது பொருந்தும்.

மற்றபடி என் தேர்வு, யுஎஸ்பியில் இருந்து பூட் செய்யும் சூப்பர் கிரப் டிஸ்க். இது எதையும் ரிப்பேர் செய்யாது, டிஸ்கில் ஒரு எழுத்தையும் மாற்றாது. டிஸ்கில் உள்ள சிஸ்டங்களைத் தேடிப் பட்டியல் போடும். உங்கள் உபுண்டுவைத் தேர்ந்தெடுத்தால் வழக்கம்போல உள்ளே போய்விடலாம். அப்புறம் சொந்த சிஸ்டத்தின் டெர்மினலிலேயே கிரப்-இன்ஸ்டால் கொடுத்தால் போதும், மவுன்ட் தொல்லை கிடையாது. நாளைக்குக் கொடுக்க வேண்டிய வேலை உள்ளே இருந்தால் முதலில் அதை முடித்துவிட்டுக்கூட கிரப்பைச் சரிசெய்யலாம். பதற்றத்தில் தப்பான பார்ட்டிஷனில் கைவைக்கும் ஆபத்து இங்கே குறைவு.

மூன்றையும் தொடாமல் விட வேண்டிய சமயமும் உண்டு. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின் பலருடைய லினக்ஸ், 'ஷிம் எஸ்பிஏடி' சரிபார்ப்பு தோல்வி என்று சொல்லி நின்றது. அங்கே கிரப்பில் கோளாறே இல்லை. கிரப்புக்கு முன்னால் ஓடும் சின்ன புரோகிராமான ஷிம் பழையதாக இருந்ததால், நம்பகமானதை மட்டும் பூட் செய்ய விடும் செக்யூர் பூட் அதை மறுத்தது. அந்தச் செய்தி வந்தால் செக்யூர் பூட்டை அணைத்து, உபுண்டுவுக்குள் போய், 'மோக்யூட்டில்' என்ற கட்டளையைக் கொண்டு எஸ்பிஏடி பாலிசியை (எந்தப் பழைய பதிப்புகளை மறுப்பது என்ற விதியை) அழித்து, ஒருமுறை உபுண்டுவிலேயே ரீபூட் செய்துவிட்டு, செக்யூர் பூட்டைத் திரும்பப் போடுங்கள். கையோடு உபுண்டுவை அப்டேட் செய்து புது ஷிம்மையும் வாங்கிக்கொள்ளுங்கள்.