58,000 ரூபாய்க்கு வந்த எஞ்சின்: வீட்டில் வைத்துப் பூட்ட நினைப்பவர்கள் வாசிக்கவும்

58,000 ரூபாய் போய்விட்டது. கோபம் ஆறுவதற்கு முதல் எழுதிவிடுகிறேன். ஆறினால் "சரி, விடு" என்று நானே விட்டுவிடுவேன். எஞ்சினை விற்ற கடைக்காரர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

என்னுடையது பழைய ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டர் மோட்டார் சைக்கிள். விசுவமடுவிலிருந்து பரந்தன் பக்கம் வேலைக்கு ஓடுவதும், காலபோக நெல்லுக்கு உரம் ஏற்றுவதும் அதில்தான். தேய்ந்த சிலிண்டரைக் கடைசி அளவு மட்டும் போர் பண்ணி, அதாவது உள்ளே கடைந்து பெருப்பித்து, ஆயிற்று. 50 மில்லிமீற்றராக இருந்தது 51 ஆகிவிட்டது, இனி உள்ளே புதுக் குழாய் இறக்கிச் சிலீவ்தான் அடிக்க வேண்டும். கிராங்கிலும் சத்தம். கிளிநொச்சிக் கராச்காரர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்குக் கொட்டுற காசுக்கு நல்ல பாவிச்ச எஞ்சின் ஒண்டு வாங்கிப் பூட்டு" என்றார். வேறு மோட்டார் சைக்கிள் வாங்கும் கதையே இல்லை. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 இல்தான் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழசுக்குச் சொன்ன விலை எல்லோருக்கும் தெரியும்.

பழைய பொருட்கள் வாங்கி விற்கும் ஒரு விளம்பரத் தளத்தில்தான் கண்டேன். வேறு மாவட்டத்தில், பாவித்த உதிரிப்பாகம் விற்கும் கடை. எஞ்சினை ஒரு சேசிஸில் வைத்து உதைத்து ஓடவிட்ட வீடியோ அனுப்பினார்கள். ஒரே உதையில் பிடித்தது. புகை இல்லை, தட்டுகிற சத்தம் இல்லை. இடது பக்க மூடியில் நீளமாக ஒரு கீறல், அவ்வளவுதான்.

நான் உடனே காசு போடவில்லை. எஞ்சின் நம்பர் தெளிவாக இருக்கிறதா, ரிங் மாற்றினதா, கழற்றிப் பூட்டினதா என்று எல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் வந்தது. எந்த ஊர் என்று கடைக்காரர் கேட்டார். சொன்னேன். "விசுவமடுவோ அண்ணை? என்ர மனிசின்ர ஆக்கள் உடையார்கட்டு. எங்கட சனத்துக்குக் கூடாத சாமான் குடுத்துப்போட்டு நான் அந்தப் பக்கம் வரேலுமே?" என்றார். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்றுகூட விசாரித்தார். அந்தக் கதையோடு என் சந்தேகம் எல்லாம் போய்விட்டது. அன்று பின்னேரமே வங்கியில் 58,000 போட்டேன். பஸ்ஸில் ஏற்றுகிற கூலி வேறு.

யூரியாப் பையில் சுற்றி வந்தது எஞ்சின். புதிதாக வெள்ளிப் பெயின்ற் அடித்திருந்தது. ஏன் என்று கேட்டேன். "வடிவா இருக்கட்டும் எண்டு அடிச்சனாங்கள் அண்ணை."

மச்சானும் நானும் வீட்டு முற்றத்தில் வைத்துத்தான் மாற்றினோம். இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், காரணம் பிறகு தெரியும். பற்றறி வயரைக் கழற்றி, ஒயிலை வடித்து, சைலன்சர், கால்மிதி, கியர் லீவர் எல்லாவற்றையும் எடுத்தோம். கபரேற்றரைக் கேபிளோடு ஒரு பக்கம் கட்டிவைத்தோம். கிளச் கேபிள், செயின், மக்னற் வயர்ச் சொக்கற் ஒவ்வொன்றையும் கழற்ற முதல் போனில் படம் எடுத்தோம். அடியில் பழைய ரயரும் பலகையும் வைத்துப் பாரம் தாங்கின பிறகுதான் கடைசிப் போல்ட்டை இழுத்தோம். சின்ன எஞ்சின், இரண்டு பேர் பிடித்தால் தூக்கலாம். புதியதை ஏற்றி, புது ஒயில் விட்டு, பிளக்கைக் கழற்றிவைத்துச் சும்மா உதைத்து, ஒயில் மேலே ஏறட்டும் என்று விட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணினோம். இதற்கு மேல் ஒரு கராச்சில் என்ன செய்வார்கள்?

ஸ்டார்ட் ஆனது. சைலன்சரால் நீலப் புகை முற்றம் முழுக்க, உள்ளே ஒயில் எரிகிறது. கொஞ்சம் சூடானதும் பெயின்ற் பொக்களித்து உரியத் தொடங்கியது. எஞ்சினின் கீழ்க் கூடான கிராங்க் கேஸின் அடிப்பக்கம் ஒரு வெடிப்பு, அதன் மேல் பசை பூசி ராவிவிட்டிருக்கிறார்கள். அதன் வழியாக ஒயில் சொட்டுகிறது. நம்பர் வெட்டியிருக்க வேண்டிய இடம் அரம் போட்டு வழுவழு என்று இருக்கிறது. இடது மூடியில் கீறலைக் காணவில்லை. வீடியோவில் ஓடியது வேறு எஞ்சின்.

போன் எடுத்தேன். "புது ஒயில்தானே, ரெண்டு நாள் ஓடினாச் சரிவரும்." வெடிப்பைப் படம் எடுத்து அனுப்பினேன். பதில் இல்லை. திரும்ப எடுத்தபோது, "எங்க பூட்டினனீங்கள்? வீட்டிலயோ? அப்ப அண்ணை நாங்கள் பொறுப்பில்லை, நீங்கள் பிழையாப் பூட்டியிருப்பியள்." பிழையாகப் பூட்டினால் கிராங்க் கேஸுக்குப் பசை பூசுப்படுமா? நம்பர் தானாக அழியுமா? கேட்க முதல் வைத்துவிட்டார்கள். அடுத்த முறை ஒரு பிள்ளை எடுத்து, முதலாளி வெளியில் என்றது. பிறகு என் இலக்கத்தையே தடுத்துவிட்டார்கள். மச்சானின் போனில் எடுத்தேன். "சொல்லுங்கோ அண்ணை" என்று தேன் ஒழுகக் கதைத்த அதே ஆள், என் குரல் கேட்டதும் துண்டித்தார்.

58,000 ரூபாய். அடுத்த நெல் விற்கும் வரை எனக்கு வேறு காசு இல்லை. உடையார்கட்டில் அந்த ஆளின் மனைவியின் ஆட்கள் யாராவது உண்மையில் இருக்கிறார்களோ, அதுவும் தெரியாது.

பாவித்த எஞ்சின் எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இவ்வளவுதான்: நேரில் போய், கண் முன்னால் ஓடவிட்டுப் பார்க்காமல் காசு போடாதீர்கள். புதுப் பெயின்ற் கண்டால் திரும்பி வாருங்கள். எஞ்சின் நம்பர் எழுதின பில் வாங்குங்கள். நம்பர் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது, எஞ்சின் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதையும் மாற்ற வேண்டும். நம்பர் ராவின எஞ்சினை வைத்துக்கொண்டு பொலிஸ் மறித்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், கடைக்காரன் இல்லை. வீட்டில் பூட்டுவதாக இருந்தால் பையை அவிழ்ப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. நான் அங்கே முறைப்பாடு செய்யப் போகிறேன், என்னிடம் இருப்பது வங்கித் துண்டும் வட்ஸ்அப் பேச்சும்தான்.

இன்னும் ஒன்று. நேற்று இரவு பார்த்தேன், அதே வீடியோவோடு விளம்பரம் திரும்பவும் போட்டிருக்கிறார்கள். விலை இப்போது 62,000. பின்னால் நீலத் தகரக் கதவு, எஞ்சினின் இடது மூடியில் நீளக் கீறல். கண்டால் காசு போடாதீர்கள்.