ஏழு வருட ஜிப்ஸி: மாட்டியதும் கழற்றியதும்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு இரும்புக் குவியல் கிடக்கிறது. வின்ச்சோடு (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிவடச் சுருள்) சேர்ந்த முன் பம்பர், ஒரு ஸ்நார்க்கல் (எஞ்சினுக்குக் காற்று இழுக்க உயரத்தில் வைக்கும் குழாய்), ஒரு முழம் நீள எல்.இ.டி. விளக்குப் பட்டை, சக்கர அச்சான ஆக்ஸிலில் இருந்து அறுத்தெடுத்த நான்கு இரும்புத் துண்டுகள். எல்லாமே நான் காசு கொடுத்து என் மாருதி ஜிப்ஸி ஜீப்பில் மாட்டி, அப்புறம் நானே கழற்றியவை. கூட்டிப் பார்த்தால் வண்டி வாங்கிய விலையில் முக்கால் பங்கு வரும். அம்மா அந்தப் பம்பர்மேல்தான் வடகத் தட்டை வைக்கிறார்.

வண்டி 1998 மாடல் ஜிப்ஸி கிங், துணிக் கூரை, கார்புரேட்டர் எஞ்சின். 2018 ஜூலையில் சிக்கமகளூரு பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் இருந்து 1,65,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஜிப்ஸி 1985இல் வந்தபோது 970 சிசி எஞ்சின், நாலு கியர். 1996இல் கிங் வந்து 1298 சிசி, ஐந்து கியர் ஆனது. 2000இல் கார்புரேட்டர் போய், பெட்ரோலைக் கணினி அளந்து பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. 2019இல் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தினார்கள். என்னுடையது நடுவில் மாட்டியது. "கார்புரேட்டர் வேண்டாம்டா" என்று சொல்லாத நண்பன் இல்லை. ஆனால் கார்புரேட்டரைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி மாட்ட என்னால் முடியும், எஞ்சின் கணினியான இசியூவை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டில் வைத்து வேலை செய்கிறவனுக்கு இது பெரிய விஷயம்.

வாங்கும்போது காந்தம் கொண்டுபோய்க் கதவு, பானட், பக்கத் தகடு எல்லாம் ஒட்டிப் பார்த்தேன். துருவையும் நெளிவையும் மறைக்கப் பூசும் பட்டி குறைவாகத்தான் இருந்தது. மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்து, பின்பக்க ரப்பர் மேட்டைத் தூக்கினால் அடியில் தரையே இல்லை. தோட்டத்தில் இருபது வருடம் உர மூட்டை ஏற்றியிருக்கிறார்கள். சிந்திய உரம் மழை ஈரத்தோடு சேர்ந்து தகட்டைத் தின்றிருக்கிறது. மேலே தாரும் ஃபைபர் துணியும் போட்டு ஒட்டி, அதன்மேல் கறுப்புப் பெயின்ட். ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், கைப்பிடி வரை இறங்கியது. பழைய ஜிப்ஸி பார்க்கப் போகிறவர்கள் எஞ்சின் சத்தம் கேட்பதற்கு முன்னால் மேட்டைத் தூக்குங்கள். விற்கிறவர் தடுத்தால் அப்படியே டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

வீடு பெங்களூர் லிங்கராஜபுரம். போர்டிகோவில் ஒரு வண்டி நிற்கும், அதைச் சுற்றி ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கலாம், அவ்வளவுதான் இடம். டிங்கரிங்குக்கு வந்தவர் கோலார் தங்கவயல்காரர். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடும் வரை அங்கே பட்டறையில் வெல்டர். அதற்கப்புறம் தங்கவயல் தமிழர்கள் பாதிப்பேரைப் போல அவரும் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வர ஆரம்பித்தவர். சனிக்கிழமை காலை கண்டோன்மென்ட்டில் இறங்கி வருவார், ஞாயிறு சாயங்காலம் திரும்புவார். முதல் நாள் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது வண்டி இல்ல, வண்டியோட நெகட்டிவ்" என்றார்.

பெட்ரோல் டேங்கைக் கழற்றி மாடியில் ஏற்றிவிட்டுத்தான் வெல்டிங்கைத் தொட்டோம். பாடி, சேசிஸ் மேல் ரப்பர் வைத்துப் போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் போல்ட்டுகளில் பாதி துருவில் ஒட்டிக்கொண்டிருந்ததால் அறுக்க வேண்டியிருந்தது. பாடியைத் தனியாகத் தூக்கத் தெருப் பையன்கள் எட்டுப் பேர், கூலி பிரியாணி. நல்லவேளை, சேசிஸ் மேலாகத்தான் துருப்பிடித்திருந்தது. கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலக் கரைசல் தடவி, எபாக்சி பிரைமர் இரண்டு கோட். தரைக்கு 18 கேஜ் தகடு. பழைய தகட்டில் இருந்த நெளிவுகளை வெல்டர் அண்ணன் ஒரு ரயில் தண்டவாளத் துண்டின்மேல் வைத்துச் சுத்தியால் தட்டியே எடுத்தார். தகட்டின் இரண்டு பக்கமும் பிரைமர் அடிக்காமல் ஒட்ட விடமாட்டார். "மேல அடிக்கிற பெயின்ட் ஊருக்கு, கீழ அடிக்கிறதுதான் வண்டிக்கு" என்பார்.

கிரைண்டர் சத்தத்துக்கு எதிர்வீட்டு அஜ்ஜியிடம் (கன்னடப் பாட்டி) ஒப்பந்தம்: ஞாயிறு பதினொன்று முதல் ஒன்றரை வரை மட்டும். ஒவ்வொரு வாரமும் கேட்டருகே வந்து "முகீத்தா?" என்று கேட்பார். கன்னடத்தில் முடிந்ததா என்று அர்த்தம். பதினான்கு மாதம் கேட்டார்.

எஞ்சினில் பெரிய வேலை இல்லை. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஹோஸ்கள், கார்புரேட்டர் கிட். ஒரு வேடிக்கை மட்டும் சொல்ல வேண்டும். ரேடியேட்டர் ஹோஸைக் கழற்றினால் எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரைத் தடுக்கும் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி. சூடாகிறது என்று யாரோ ஒரு மெக்கானிக் எப்போதோ பிடுங்கிப் போட்டிருக்கிறார். நம் ஊரில் இது வழக்கம்தான். சூடானதற்குக் காரணம் சேறு அடைத்த ரேடியேட்டர், தண்டனை தெர்மோஸ்டாட்டுக்கு. அது இல்லாவிட்டால் எஞ்சின் சீக்கிரம் சூடேறாது, சோக் வேண்டும், பெட்ரோல் குடிக்கும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்து புது தெர்மோஸ்டாட் போட்டேன். டிசம்பர் காலையில் முதல் தடவையாக எஞ்சின் இரண்டு நிமிடத்தில் சீராக ஓடத் தொடங்கியது. லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடவும் கிடைத்தது. இன்றைக்கு ஊருக்குள் 9, நெடுஞ்சாலையில் 80ஐத் தாண்டாமல் போனால் 12.

ஜிப்ஸிக்காரர்கள் எல்லோரும் ஒரு நாள் சந்திக்கும் நோய் முன்சக்கரத்தில் இருக்கிறது. வயதான வண்டியில், முன்சக்கரம் திரும்பும் முட்டியான நக்கிளைத் தாங்கும் கிங்பின் பேரிங் தேய்ந்து, அதன் ஆயில் சீல் காய்ந்துபோகும். முன் ஆக்ஸிலில் உள்ள கியர் பெட்டியான டிஃபரன்ஷியலின் ஆயில் கசிந்து வந்து கிரீஸோடு கலந்து, சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பாக ஒழுகும். 60இல் போகும்போது ஒரு பள்ளம் பட்டால் ஸ்டீயரிங் இரண்டு கையையும் உதறும். நானும் முதலில் வீல் பேலன்ஸ், அலைன்மென்ட், ஸ்டீயரிங் டேம்பர் என்று செலவழித்தேன். அசல் மருந்து பேரிங்கும் சீலும் மாற்றி, ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து இறுக்கத்தைச் சரிசெய்வதுதான். நக்கிளைத் திருப்ப எவ்வளவு இழுக்க வேண்டியிருக்கிறது என்று அளந்து ஷிம் கூட்டிக் குறைக்க வேண்டும். அதற்கு ரஸ்ஸல் மார்க்கெட் மீன்காரர்கள் வைத்திருப்பது மாதிரி ஒரு கொக்கித் தராசு போதும். உதிரி எல்லாம் ஜே.சி. ரோட்டில் கிடைத்தது. அதோடு உதறல் போனதுதான், இதுவரை திரும்ப வரவில்லை.

இப்படி 2019 கடைசியில் வண்டி கம்பெனியில் இருந்து வந்த மாதிரி நின்றது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆசை யாரை விட்டது?

2020 ஜனவரியில் ஸ்பிரிங்கை ஆக்ஸிலுக்கு மேலே ஏற்றினேன். ஜிப்ஸியில் நான்கு பக்கமும் இரும்புப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங், அது ஆக்ஸிலுக்கு அடியில் இருக்கும். மேலே மாற்றி வைத்தால் வண்டி ஐந்து இஞ்ச் உயரும். படத்தில் பார்க்க அட்டகாசம். கூடவே 235/75 ஆர்15 மட் டயர், வின்ச் பம்பர், ஸ்நார்க்கல். 'கூர்க்குக்குப் போகிறோம்' என்று கிளம்பிய முதல் நாளே அம்மா ஏற முடியாமல் பிளாஸ்டிக் ஸ்டூல் கேட்டார். அந்த ஸ்டூல் அப்புறம் வண்டியிலேயே நிரந்தரமாகக் குடியேறியது.

ஸ்டூல் பரவாயில்லை. பாடி உயர்ந்துவிட்டது, ஸ்டீயரிங் பெட்டியில் இருந்து சக்கரத்துக்குப் போகும் ராடு செங்குத்தாகச் சாய்ந்துவிட்டது. அதனால் சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் வண்டி தானாக ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறியதால் 70இல் தரை அதிரும். வண்டியின் அகலமே 1,540 மிமீதான். அதை இன்னும் உயர்த்தினால் வளைவில் வயிறு கலங்கும். டயர் கணக்கு தனி. கம்பெனி டயர் 205/70 ஆர்15, விட்டம் 668 மிமீ. 235/75 போட்டால் 733. பத்து சதவீதம் வித்தியாசம். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 66இல் போகும், ஐந்தாவது கியர் வெறும் அலங்காரம். கார்புரேட்டர் எஞ்சினின் 60 குதிரைக்கு அந்த டயரைச் சுழற்றுவதே பெரிய வேலை.

இத்தனையும் பொறுத்துக்கொண்டு இரண்டரை வருடம் ஓட்டினேன். 2022 செப்டம்பர் முதல் வாரம் பெல்லந்தூர் பக்கம் ஐடி ஆட்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனார்களே, அந்த வெள்ளம். நண்பன் குடும்பத்தைக் கூட்டிவர நான்தான் போனேன். இதற்காகத்தானே ஸ்நார்க்கல்! முட்டி அளவுத் தண்ணீர். பக்கத்தில் ஒரு பால் வேன் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. என் வண்டி நடுவில் இருமி நின்றது. காற்று இழுக்கும் குழாய் தலைக்கு மேலே இருந்தது உண்மைதான். ஆனால் ரேடியேட்டர் ஃபேன் வாரி அடித்த தண்ணீர், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் போய்விட்டது. மூடியைக் கழற்றி லுங்கித் துணியால் துடைத்து ஸ்டார்ட் செய்தேன்.

அதோடு முடியவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பின் டிஃபரன்ஷியல் ஆயிலை இறக்கினால் பால் டீ மாதிரி வந்தது. ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூச்சுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். பரிகாரம் ஒரு மீட்டர் ரப்பர் ஹோஸ். மூச்சுத் துளையில் மாட்டி மேலே பானட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டினேன், பின்பக்கத்துக்கு டேங்க் மூடி அருகே. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி விளிம்பில் சிலிகான் கிரீஸ். மொத்தச் செலவு நானூறு ரூபாய்க்குள். ஸ்நார்க்கலுக்கு நான் கொடுத்தது பதினோராயிரம்.

2023இல் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும் என்பதால் எப்படியும் கழற்றித்தான் ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. முன்னால் கூடுதலாக மாட்டும் இரும்புக் கம்பி பம்பர் கூடாது என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும், 'யார் பார்க்கப் போகிறார்கள்' என்ற தைரியம்தான். ஸ்பிரிங்கை மேலே உட்கார வைக்க ஆக்ஸிலில் அண்ணன் ஒட்டிய பீடங்களை அவரே அறுத்தார். "ஒட்டுறதுக்கு ஒரு கூலி, அறுக்கிறதுக்கு ஒரு கூலி. நீ நல்லா இருக்கணும் தம்பி" என்று சிரித்தார்.

பரிசோதனையில் அதிகாரி குனிந்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். கட்டணம் 5,000 ரூபாய். 2022 ஏப்ரலுக்கு முன்பு அது 600. இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள், 2028இல் அதுதான் எனக்கு. டெல்லியில் இருக்கும் மச்சானிடம் புலம்பினால், "எங்க ஊர்ல பெட்ரோல் வண்டிக்குப் பதினஞ்சு வருஷம்தான், நீ பேசாதே" என்கிறான்.

இப்போது வண்டியில் மிச்சம் இருக்கும் மாற்றங்கள் கொஞ்சம்தான். டயர் 215/75 ஆர்15, கம்பெனி உயரத்திலேயே எங்கும் உரசாமல் உட்காருகிறது, மீட்டர் ஐந்து சதவீதம்தான் பொய் சொல்கிறது. பின் ஸ்பிரிங் மூட்டை ஏற்றுவதற்காகச் செய்தது, ஒரு ஆள் போனால் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளும். ஒரு பட்டையைக் கழற்றி, எல்லாப் பட்டைகளையும் சுரண்டிக் கிரீஸ் தடவி, புஷ் மாற்றினேன். சொகுசு என்று பொய் சொல்லமாட்டேன், அம்மா இப்போது கிருஷ்ணகிரி வரை முதுகைப் பிடிக்காமல் வருகிறார். பின்னால் ஆறு பேரை ஏற்றினால் மட்டும் ஸ்பிரிங் தட்டும்.

ஹெட்லைட் மங்கல் என்றுதான் எல்.இ.டி. பட்டை வாங்கினேன். பல்பு சரியாகத்தான் இருந்தது. மின்சாரம் முழுவதும் டாஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகச் சுற்றி வருவதில் பழைய வயர் பாதியைத் தின்றுவிடுகிறது. பேட்டரியில் இருந்து நேராக ஒரு தடித்த வயர், இரண்டு ரிலே. எஸ்.பி. ரோட்டில் வாங்கி ஒரு மதியத்தில் முடித்தேன். அஞ்செட்டி காட்டு வழியில் இரவு வரும்போது எதிரே வந்த லாரிக்காரர் டிப் போடச் சொல்லி விளக்கடித்தார். மனதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

வின்ச் போன இடத்தில் ஒரு இழுவைப் பட்டையும் சின்ன ஏர் கம்ப்ரசரும் சீட்டுக்கு அடியில் இருக்கின்றன. மணலோ சேறோ வந்தால் டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கி, நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் ஃபோர் வீல் லோவில் போட்டு மெதுவாகப் போனால் இந்த ஒரு டன் வண்டி நான் போகும் பாதைகளில் எங்கும் சிக்கவில்லை. வின்ச்சை மூன்று வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் பயன்படுத்தினேன், சாக்கடையில் விழுந்த இளநீர் வண்டியைத் தூக்க. கூலியாக நான்கு இளநீர் கிடைத்தது.

இனி வரப்போகும் தொல்லை பெட்ரோல்தான். இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை 2023 பிப்ரவரியில் இதே பெங்களூரில்தான் தொடங்கி வைத்தார்கள். எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து விரிசல் விட வைக்கும். போன வருடம் பானட்டைத் திறந்தால் பெட்ரோல் வாடை, ஹோஸ் ஒன்று விரலால் அழுத்தினால் மாவாக இருந்தது. டேங்க்கில் இருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸும் எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பரில் மாற்றினேன். கார்புரேட்டர் உள் வாஷர்களை வருடம் ஒருமுறை பார்க்கிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம், இது மைலேஜ் பிரச்சினை அல்ல, தீப்பிடிக்கிற சமாச்சாரம்.

துணிக் கூரை மழைக்கு இன்னும் ஒழுகுகிறது, விண்ட்ஷீல்டு மடங்கும் இடத்தில். மூன்று பேர் தைத்தும் நிற்கவில்லை. டிரைவர் இடது முழங்காலில் ஒரு துண்டு போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம்.

அந்த ஒழுகல் தன் வேலையைக் காட்டிவிட்டது. போன வாரம் கழுவும்போது பார்த்தேன், விண்ட்ஷீல்டு ஃபிரேமின் கீழ் விளிம்பில் பெயின்ட் குமிழியிட்டிருக்கிறது. நகத்தால் கீறினால் பழுப்புப் பொடி. அண்ணனுக்குப் போன் போட்டேன், சனிக்கிழமை வருகிறார். கேட்டருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த அஜ்ஜி, பதினொன்று முதல் ஒன்றரை வரைதான் என்று இப்போதே சொல்லிவிட்டார்.