அரவான்: ஆயிரம் பக்கத்தில் ஒரு கிளைக்கதை

‘காவல் கோட்டம்’ நாவலைப் படித்து முடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். படுத்துக்கொண்டு படித்தால், கண் அசந்த நேரம் மூக்கில் விழும். முடித்த மறுநாள் ராத்திரியே, அதிலிருந்து எடுத்த ‘அரவான்’ படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். 2012இல் படம் வந்தபோது புத்தகத்தைத் தொட்டதுகூட இல்லை. “இந்தக் கதைக்கா அவ்வளவு பெரிய புத்தகம்?” என்று தியேட்டர் வாசலில் மச்சினனிடம் நக்கலடித்தேன். அந்தப் பேச்சை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

சு. வெங்கடேசனின் நாவல் 1310இல் தொடங்கி 1910 வரை போகிறது. மாலிக் காபூர் படையெடுப்பு, நாயக்கர்கள், பாளையங்கள், கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி), பஞ்சம், போலீஸ் என்று மதுரையின் அறுநூறு வருடம். இயக்குநர் வசந்தபாலன் எடுத்துக்கொண்டதோ அதில் சில பக்கங்களே வந்துபோகும் ஒரு பலியின் கதை. ஊர்ப்பகை முற்றாமல் இருக்க ஓர் உயிர் தேவைப்படுகிறது. ஒரு இளைஞன் குறிக்கப்படுகிறான். அவ்வளவுதான். அறுநூறு வருடத்தையும் இரண்டரை மணி நேரத்தில் திணிக்காமல் ஒரு கிளையை மட்டும் ஒடித்துக்கொண்டது நல்ல முடிவு. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

வருத்தம் வேறு. நாவலைக் குறைத்தார்கள் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். பார்க்கப் பார்க்க, நீட்டியிருக்கிறார்கள் என்றுதான் பட்டது. புத்தகத்தில் அந்தப் பலி சட்டென்று நடந்து முடிந்துவிடுகிறது, ஊர் அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறது. படத்தில் அதற்கு ஒரு காதல், ஒரு கொலை மர்மம், பாளையக்காரரின் சதி எல்லாம் ஒட்டியிருக்கின்றன. துப்பறியும் வேலை தொடங்கியதும் பதினெட்டாம் நூற்றாண்டு மறைந்து வழக்கமான சினிமா வந்துவிடுகிறது. கடைசியில் மரண தண்டனைக்கு எதிரான வாதமாகவும் ஆக்கியிருக்கிறார்கள். எனக்கும் அதே கருத்துதான், ஆனால் அந்தச் சாவே அதைச் சொல்லிவிட்டிருந்தது.

முதல் பாதி அப்படி இல்லை. இருட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு களவுக்குப் போவதும், கொண்டுவந்ததை நம்பி ஊரே காத்திருப்பதும் அபாரம். பசுபதி கொம்பூதியாக வாழ்ந்திருக்கிறார். நடையிலேயே பாதி கதை தெரிகிறது. ஆதியின் உடம்பு பாத்திரத்துக்குப் பொருந்துகிறது. வசனமும் வெங்கடேசனே எழுதியதால் பேச்சில் மண் ஒட்டியிருக்கிறது. பாடகர் கார்த்திக் இசையமைத்த முதல் படம் இது. பாட்டுகளைத் தனியாகக் கேட்கலாம், படத்துக்குள் வரும்போது கொஞ்சம் இடிக்கிறது.

ஆனால் ஒரு கேள்விக்குப் படத்தில் பதில் கிடைக்காது. களவும் காவலும் ஒரே ஆட்களின் கையில் எப்படி வந்தன? திருடு போனால் துப்புக்கூலி கொடுத்துப் பொருளை மீட்கலாம் என்பதை ஊர் ஏன் ஏற்றுக்கொண்டது? நாவலுக்கு இதுதான் முதுகெலும்பு. நாவலில் வரும் தாதனூர் என்ற ஊர்க்காரர்கள் மதுரையைக் காத்தார்கள், அதே மதுரையில் களவும் செய்தார்கள். பிறகு கும்பினி வந்து, இனி காவல் எங்கள் வேலை என்றது. மதுரை நகரத்தையே விட்டுவிட்டதால் படத்தில் களவு வெறும் பிழைப்பாகவும், காவல் வெறும் ஊர்க் கௌரவமாகவும் நின்றுவிடுகின்றன.

கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டையை இடிக்கும் பகுதியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பதினெட்டு வருடமாக மேல மாரட் வீதி வழியாகத்தான் வேலைக்குப் போய்வருகிறேன். மாரட் என்பது அந்த இடிப்பு வேலையோடு வந்த பெயர் என்று அதற்கப்புறம் தேடித்தான் தெரிந்துகொண்டேன். பக்கத்தில் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படித்தான். சுவர் போய்விட்டது, இடித்தவர்கள் பெயர் போர்டில் இருக்கிறது!

சரி, படம் பார்க்கலாமா? பார்க்கலாம், முதல் பாதிக்காகவே. ஆனால் புத்தகத்துக்கு முன்னால் பாருங்கள். அப்புறம் பார்த்தால் என்னைப் போல ஒவ்வொரு காட்சிக்கும் முணுமுணுத்துக்கொண்டிருப்பீர்கள். மச்சினனுக்குப் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறேன். முழுசாகப் படிக்க மாட்டான், தெரியும். கோட்டை இடிக்கும் இடத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்திருக்கிறேன்.