வீட்டு இணைப்பா, கைபேசி டேட்டாவா?

மட்டக்களப்பு நகரில் பல தெருக்களுக்கு ஃபைபர் இணைப்பு வந்துவிட்டபோதும், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் பல குடும்பங்கள் கைபேசி டேட்டாவோடு நின்றுவிடுவதற்கு அக்கறையின்மை காரணமல்ல.

செலவு: வீட்டு இணைப்புக்கு முதலில் இணைப்புக் கட்டணமும், பின்னர் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் மாதாந்தப் பில்லும் உண்டு. டேட்டாவைக் காசுள்ள அன்று கடையில் ரீலோட் செய்துகொள்ளலாம். பெரும்போக அறுவடைக்குப் பின்னரே கையில் பணம் புழங்கும் வேளாண்மைக் குடும்பத்துக்கும், மாரியில் தோணி இறக்க முடியாத மீனவருக்கும் மாதம் தவறாத பில் பெருஞ்சுமை. ஆனால் சிறு பொதிகளாக வாங்கும் டேட்டா, ஜிபி கணக்கில் பெரும்பாலும் கூடிய விலைக்கே முடிகிறது. காலாவதியானால் மிச்சமும் போய்விடும்.

மின்வெட்டு: வீட்டு இணைப்பின் ரவுட்டர் நின்றுவிடும், கைபேசி சார்ஜ் உள்ளவரை இயங்கும்.

படிப்பு: 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வாட்ஸ்அப்பில் வந்த பயிற்சித்தாளைப் பார்க்க, அப்பா வேலைக்குக் கொண்டுபோன ஒரே கைபேசி திரும்பும்வரை பிள்ளைகள் காத்திருந்த வீடுகள் இங்கே உண்டு. இதை வெறும் வசதிக்குறைவென்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஆகவே, மாதச் சம்பளமும் படிக்கும் பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு நிலையான இணைப்பே பொருத்தம். பருவ வருமானத்தில் வாழும் வீட்டுக்கு டேட்டாவே ஏற்றது. அதிலும் 30 நாள் பொதியை எடுத்து, பழைய கைபேசி ஒன்றை ஹொட்ஸ்பொட்டாக (தன் டேட்டாவை மற்றக் கருவிகளோடு பகிர்வதாக) வீட்டிலேயே வைத்துவிடுவது நல்லது.